எவடத்துக் காக்கா?

பயம் வந்தால் எனக்குப் பசிக்கும். பரீட்சை, பெண் பார்க்கும் படலம், பிரசவம் எல்லாவற்றையும் நான் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் சந்தித்திருக்கிறேன். திருகோணமலை பஸ் நிலையத்தில் விடிந்தும் விடியாமலும் இறங்கியபோதும் முதல் வேலையாகச் சாப்பாட்டுக் கடையைத் தேடினேன். இடியப்பமும் சொதியும் சம்பலும் கிடைத்தன. சம்பலின் உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சம்பலால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடை வாசலில் ஒரு புள்ளிமான் நின்று யாரோ போட்ட பாண் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. நிஜ மான், கொம்போடு. சைக்கிளில் போன ஒருத்தர் அதைச் சுற்றிக்கொண்டு மணிகூட அடிக்காமல் போனார். திருச்சியில் எங்கள் தெருமுனையில் மாடு நிற்கும், இங்கே மான் நிற்கிறது, அவ்வளவுதான் என்று நானும் அசராததுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது இந்த ஊரில். அப்பா, அதாவது என்னை வளர்த்த அப்பா, சொந்தக்காரர் ஒருவரின் ஜவுளிக் கடையில் கணக்கு எழுத வந்தவர். துறைமுகத்துப் பக்கம் வாடகை வீட்டில் அவரும் அம்மாவும் இருந்தார்கள். பிள்ளை இல்லை. இங்கேதான் என்னைத் தத்து எடுத்தார்கள். கோர்ட் மூலமாக, முறைப்படி. ஊர் நிலைமை கெட்டதும், தவழும் வயதில் இருந்த என்னைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்கே திரும்பிவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். வீட்டில் யாரும் மறைக்கவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

போன வருஷம் எனக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. பயப்படும்படி இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அன்றைக்கு டாக்டர், "உங்க அம்மாவுக்கு இந்த மாதிரி இருந்ததா?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பட்டென்று, "எனக்கு இல்ல டாக்டர்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. டாக்டர் நிம்மதியாக எழுதிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா ஆட்டோவுக்கு வெளியே பார்த்தபடி, "போய்க் கேட்டுட்டு வந்துடுடி" என்றாள். அப்பா இல்லாமல் போய் நாளாகிவிட்டது. கேட்பதென்றால் இங்கே வந்துதான் கேட்க வேண்டும்.

சாப்பாட்டுக் கடைக்காரரிடம் பிறப்புப் பதிவுக்கு எங்கே போக வேண்டும் என்று விசாரித்தேன். "கச்சேரிக்குப் போங்கோ" என்றார். காலங்காத்தாலே என்ன கச்சேரி, யார் பாடுகிறார்கள் என்று ஒரு கணம் முழித்தேன். கச்சேரி என்றால் இங்கே அரசாங்க அலுவலகமாம். தமிழ் பேசும் ஊருக்குத்தானே போகிறோம் என்று தைரியமாக வந்தவளுக்கு அது முதல் அடி.

கச்சேரியில் என்னைக் கதிரையில் உட்காரச் சொன்ன அதிகாரி மரியாதையான மனிதர். என் சான்றிதழை இரண்டு தரம் படித்தார். "மகவேற்புச் சான்றிதழ்" என்றார். தத்து என்று நாங்கள் சொல்வதற்கு இங்கே மகவேற்பு. மகவை ஏற்பது. நல்ல தமிழ்தான், ஆனால் கொடுத்தவளுக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை என்று எனக்குத் தோன்றியது. எனக்கு இதற்கு முந்தைய பதிவு வேண்டும், என்னைப் பெற்றவள் பெயர் இருக்கிற பதிவு, என்று சொன்னேன்.

"அந்தக் காலத்துப் புத்தகங்கள் கனக்க எரிஞ்சு போச்சு மிஸ். இருக்கோ எண்டு பாக்கிறன்" என்று உள்ளே போனார்.

அவர் உள்ளே இருந்த நேரம் முழுக்க என் வயிறு கபகபவென்று எரிந்தது. கைப்பையில் இருந்த பிஸ்கட்டை எடுத்துச் சத்தம் வராமல் கடித்தேன். எரிந்து போயிருந்தால்கூடப் பரவாயில்லை, யாரையும் நோக வேண்டியதில்லை, பேசாமல் ஊருக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

திரும்பி வந்தார். "அந்த வருஷத்துப் புத்தகம் தப்பியிருக்கு."

"பார்க்கலாமா?"

"அது ஏலாது. மகவேற்புச் செய்த பிள்ளையின்ர முதல் பதிவைக் கோர்ட் கட்டளை இல்லாமல் ஒருத்தருக்கும் காட்ட ஏலாது. சட்டம் அப்பிடி."

எங்கள் ஊரில் முடியாது என்றால் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும். உடம்புக்கு ஏலாது என்கிற மாதிரி இவர் சொன்ன ஏலாது மெதுவாக இருந்தது. அதனால் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று. "ஒருத்தருக்கும்னா, எனக்குமா?" என்று மட்டும் கேட்டேன். "ஓம், உங்களுக்கும்தான்" என்றார். அவருக்கே அது நன்றாக இல்லை போலிருந்தது. தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

வெளியே வந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. நான் பிறந்தபோது அங்கே கட்டாயம் இருந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி நான். எனக்கே காட்டக் கூடாது என்றால் வேறு யாருக்காக அதைப் பூட்டி வைத்துக் காவல் காக்கிறார்கள்? மான்களைத் தாண்டி நடந்தபடி இதை வாய்விட்டே சொல்லியிருக்க வேண்டும், எதிரே வந்த ஒரு அம்மா ஒதுங்கிப் போனாள்.

தங்குவதற்குப் போனிலேயே அறை பிடித்திருந்தது உப்புவெளியில். பஸ் ஏறியதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு கெட்ட பழக்கத்தை ஆரம்பித்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க பெண்கள் எல்லாருடைய மூக்கையும் பார்ப்பது. என் மூக்கு நுனியில் கொஞ்சம் தட்டை. முக்காடு போட்டவள், பொட்டு வைத்தவள், மீன் கூடையோடு நின்றவள், யாரையும் விடவில்லை. இவளா, இல்லை இவளா என்று பார்த்ததில் இறங்க வேண்டிய இடம் போயே போய்விட்டது.

டிரைவரும் கண்டக்டரும் சிங்களத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் எனக்குத் தமிழில் சொன்னாள்: "உப்புவெளி எண்டு டிக்கெட் எடுத்தவ இறங்காமல் இருக்கிறா, என்ன செய்யிறது எண்டு அவன் கேக்கிறான். விடு, கடல் பாக்க வந்தவவாக்கும் எண்டு டிரைவர் சொல்றான்."

கடல் பார்க்க வந்தவளைப் போலவே நிலாவெளியில் இறங்கினேன். கரையில் பத்துப் பதினைந்து பேர் பாட்டுப் பாடியபடி கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை வந்து சேருவேனா என்றது. கடைசியில் வந்தபோது அத்தனை பாட்டுக்கும் கொஞ்சம் கீரி மீன்தான். "நாளைக்கு வரும்" என்று ஒருத்தர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் கேட்கவே இல்லை. என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

ஒருவழியாக அறைக்கு வந்து சேர்ந்தபோது வீட்டுக்கார அக்கா கேட்டருகே நின்றிருந்தார். பெயர் தவமணி. கணவர் காலமான பிறகு இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். "ஏன் பிள்ளை இவ்வளவு நேரம்? நான் பயந்துபோனன்" என்றார். பெற்ற தாயைத் தேடி வந்திருக்கிறேன் என்பதை முந்தின நாள் போனிலேயே அவரிடம் உளறியிருந்தேன். இரவு பாரை மீன் குழம்பு ஊற்றினார். கோர்ட் கட்டளை வேண்டுமாம் என்று சொன்னதும், தனக்குத் தெரிந்த ஒரு லோயரிடம் காலையிலேயே கூட்டிப் போவதாகச் சொன்னார். நான் மூன்றாம் தரம் சோறு வாங்கினேன்.

காலையில் எனக்கு ஒரு வழக்கம். முதல் இட்லியோ முதல் பிடி சோறோ காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். அங்கேயும் ஒரு இடியப்பத்தை எடுத்துக் சமையலறைப் பக்கத்து மதிலில் வைத்தேன். தவமணி அக்கா பார்த்துவிட்டு, "என்ன, ஆருக்கும் திவசமோ?" என்றார்.

"இல்லக்கா. இது நன்றிக்கடன். நான் எப்படி வந்தேன்னு சின்ன வயசுல கேட்டா, உன்னைக் காக்காதான் கொண்டு வந்து கொடுத்துச்சுன்னு அம்மா சொல்வாங்க. அதிலிருந்து வைக்கிறேன்."

இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"எவடத்துக் காக்கா? கிண்ணியாவோ, மூதூரோ?"

நான்தான் சிரித்தேன். "காக்காய்க்கு ஊரெல்லாம் யாருக்கா கேட்பாங்க?"

"கேக்காமல் எப்பிடிப் பிள்ளை தேடுறது? ஆள் இப்ப இருக்கிறாரோ?"

"யாரு?"

"அந்தக் காக்கா."

மதிலில் ஒரு காக்கை வந்து இடியப்பத்தைக் கொத்த ஆரம்பித்தது. அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் கை வைத்தார். "இது காகம். காக்கா எண்டால் அண்ணன். முஸ்லிம் ஆக்கள் அண்ணனைக் காக்கா எண்டுதான் கூப்பிடுறது. உங்கட ஊரில இல்லையோ?"

எனக்குத் தெரிந்த காக்கா ஒன்றே ஒன்றுதான். அதற்குத்தான் நாற்பது வயது வரைக்கும் சோறு வைத்திருக்கிறேன்.

அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். அவசரத்தில் விரல் தவறித் தம்பி மாமாவுக்குப் போய்விட்டது, வெட்டிவிட்டு மறுபடி போட்டேன். "அம்மா, என்னைக் காக்கா கொண்டு வந்து கொடுத்துச்சுன்னு சொல்வியே. அது பறவையா, ஆளா?"

அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"ஆளுதான்" என்றாள் அம்மா.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னேனேடி. காக்கா கொண்டு வந்து குடுத்தாருன்னுதான் முதல்ல சொன்னேன். நீ மொட்டை மாடியில உக்காந்திருந்த காக்காயக் காட்டி, இதுவான்னு கேட்ட. அன்னைக்கு உனக்கு மூணு வயசு. ஆமான்னு தலையாட்டினேன். அதுக்கப்புறம் திருத்த மனசு வரல. பறவைன்னா அது பாட்டுக்குப் பறந்து போயிடும். ஆளுன்னா யாரு என்னன்னு கேட்பே."

"யாரும்மா அவரு?"

அம்மா மூச்சு வாங்குவது கேட்டது. அவளுக்கு மூட்டு வலி, நின்று பேச முடியாது, உட்காரட்டும் என்று காத்திருந்தேன்.

"சாயங்காலம் வாசல்ல ஒரு ஆள் உன்னைத் துணியில சுத்தி வச்சுக்கிட்டு நின்னாரு. அவருக்குப் பின்னால, கேட்டுக்கு வெளிய அவ நின்னா. முகத்தை நான் சரியாப் பாக்கல. நீ அழுதே. அவரு உன்னைத் திரும்ப அவ கையில குடுக்கப் போனாரு. அவ வாங்கல. 'காக்கா, நீங்க குடுங்க'ன்னா. அவ்வளவுதான். அது ஒன்னுதான் அவ பேசி நான் கேட்டது."

"பேரு?"

"கோர்ட்ல எழுதியிருந்திருக்கும். நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன். படிக்கல, வேணும்னேதான் படிக்கல. பேர் தெரிஞ்சா அவ நினைப்பு வரும். நினைப்பு வந்தா உன்னைத் திருப்பிக் கேட்டு வந்துடுவாளோன்னு பயந்தேன்." பிறகு ரொம்பச் சின்னக் குரலில், "சாப்பிட்டியா?" என்றாள்.

நான் அழுதேன். கோபத்திலா என்று கேட்டால் கொஞ்சம் கோபத்திலும்தான். ஆனால் அந்த ஒரு தலையாட்டலைத் தவிர அம்மா பொய் சொல்லவில்லை. பெற்றவளின் வாயிலிருந்து வந்த ஒரே சொல்லை என்னிடம் அப்படியே கொடுத்திருக்கிறாள். நான்தான் அதற்குச் சிறகு வைத்துவிட்டேன்.

லோயரிடம் போகும் வழியில் தவமணி அக்காவிடம், "அப்போ நான் முஸ்லிம் வீட்டுப் பிள்ளையாக்கா?" என்று கேட்டேன். அம்மாவின் பூஜை அறை, நான் தீ மிதித்தது, என் பையனுக்குக் காது குத்தியது எல்லாம் வரிசையாக வந்து போயின. யாரிடம் என்ன சொல்வேன்?

அக்கா நடந்தபடியே சொன்னார்: "அப்பிடியும் சொல்ல ஏலாது பிள்ளை. நாங்களும் முஸ்லிம் ஆக்களைக் காக்கா எண்டுதான் கூப்பிடுறம். கடைக்காரக் காக்கா, மீன் காக்கா. அவர் அவவின்ர சொந்தத் தமையனாயும் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரராயும் இருக்கலாம். ஓட்டோக்காரராயும் இருக்கலாம்."

ஆக, கிடைத்த ஒரே சொல்லும் இந்த ஊரில் எல்லாருக்கும் பொதுவான சொல்லாகப் போயிற்று. அதை வைத்துக்கொண்டு எந்தத் தெருவுக்குள் போவது? பெயர் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அந்தப் புத்தகமோ கச்சேரியில், நான் பிஸ்கட் தின்ற கதிரையிலிருந்து ஒரு சுவர் தள்ளி.

லோயர் நஸ்ரினுக்குக் கிண்ணியா. என் வயதுதான் இருக்கும். சின்ன அறை, மேசையில் ஒரு சட்டித் தயிர். கட்சிக்காரர் யாரோ கொடுத்ததாம். முதலில் அதில் வெல்லப்பாகு மாதிரி இருந்த பாணியை ஊற்றி என் கையில் ஒரு கிண்ணம் தந்துவிட்டுத்தான் கதையைக் கேட்டார். எருமைத் தயிர், கரண்டியைக் குத்தினால் நிற்கிறது.

"கேக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு. குடுக்கிறதா இல்லையா எண்டு ஜட்ஜ்தான் சொல்லுவார்" என்றார். "அவங்களுக்கும் ஒரு பக்கம் இருக்கு எண்டு கேப்பாங்க. இப்ப புருஷன், பிள்ளைகள் இருக்கலாம். ஒருத்தருக்கும் தெரியாமல் இருக்கலாம்."

நான் அதையேதான் ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். யாருடைய வீட்டையும் கவிழ்க்க நான் வரவில்லை என்றேன். பெயர் போதும். இருக்கிறாளா என்று தெரிந்தால் போதும். என்ன வியாதி என்று தெரிந்தால் போதும். சொல்லச் சொல்லப் போதும் நீண்டுகொண்டே போனது, எனக்கே வெட்கமாகிவிட்டது.

கோர்ட்டில் கொடுக்கச் சத்தியக்கடதாசி, எங்கள் ஊர் அஃபிடவிட், தயாரித்தார். பெற்ற தாயைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது என்ன என்று கேட்டார். அம்மா போனில் சொன்னதைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டுத் தயிர்ச் சட்டியைத் துணியால் மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"அப்பிடியே எழுதுறன்" என்றார். "இஞ்சத்த ஜட்ஜுக்கு விளங்கும். உங்கட ஊர் ஜட்ஜ் எண்டாத்தான் காகத்தைத் தேடுவார்."

அழுதபடியே சிரித்தேன். கையெழுத்துப் போட்டேன். நீட்டின இடத்தில் போடாமல் முழுசாகப் படித்துவிட்டுப் போட்டேன்.

மனு ஏற்கப்பட்டது. விசாரணைத் தவணை அடுத்த மாதம் போட்டார்கள். கிடைக்குமா என்று கேட்டதற்கு நஸ்ரினும் சொல்ல ஏலாது என்றுதான் சொன்னார். எனக்கு லீவு முடிகிறது, பையனுக்குப் பரீட்சை வருகிறது, திரும்பித்தான் ஆக வேண்டும். அம்மாவிடம் சொன்னபோது, "மறுபடி போகணுமா?" என்றாள். "போகணும்" என்றேன். "நானும் வரட்டுமா?" என்றாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. மூட்டு வலியோடு எப்படி வருவாய் என்று அதட்டிவிட்டுப் போனை வைத்த பிறகு, வரட்டுமே என்று தோன்றியது.

கடைசி நாள் தவமணி அக்கா பஸ் நிலையத்துக்கே வந்தார். வழியில் சாப்பிட ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தார். கொழும்பு பஸ்ஸில் நசுங்கி ஏறி எப்படியோ ஜன்னல் பக்கம் இடம் பிடித்தேன். டிரைவர் இஞ்சினைக் கிளப்பிய பிறகு டிக்கெட்டுக்காகக் கைப்பையைத் திறந்தால் உள்ளே அக்கா வீட்டு அறைச் சாவி.

பகீர் என்றது. அக்கா கூட்டத்துக்கு அந்தப் பக்கம், மானுக்குப் பக்கத்தில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மூட்டையும் ஆளுமாக நிற்கிறது. இறங்க ஏலாது. பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. மிதிபலகையில் தொப்பி போட்ட, தாடி நரைத்த கண்டக்டர் ஒரு காலைத் தரையில் தேய்த்தபடி நின்றார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன்.

"காக்கா, நீங்க குடுங்க. அந்த அக்காகிட்ட."

"கொண்டாங்க தங்கச்சி" என்று சாவியை வாங்கிக்கொண்டு ஓடினார்.

வாயிலிருந்து போன பிறகுதான் காதில் விழுந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. இறங்க வழியில்லாதவள் வேறு என்ன சொல்வாள்?

கண்டக்டர் சாவியை அக்காவின் கையில் வைத்துவிட்டு ஓடி வந்து தொற்றிக்கொண்டார். "குடுத்திட்டன் தங்கச்சி" என்றார். குடுத்ததை நானே கண்ணால் பார்த்தேன். அப்படியும் பஸ் திரும்பி, கடல் மறைந்து, ஊர் மறைகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.